சித்த சுவாதீனத்தை அறியும் முறை

சொத்து, பண விவகாரங்களில் முடிவு செய்யும் திறன் பற்றிய ஒரு பாடம்

பெங்களூரிலிருந்து தெற்கே ஓசூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் பொம்மனஹள்ளி அமைந்துள்ளது. முன்பு சிற்றூராக இருந்த இவ்விடம் தொழிற்சாலைகளும் குடியிருப்புகளும் பெருகியதனால் தனி நகராட்சியாக வளர்ந்து, 2007-ஆம் ஆண்டில் பெங்களூர் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. கன்னடம், தெலுங்கு, தமிழ், உருது ஆகிய மொழிகளைப் பேசுவோர் இங்குக் கலந்து வாழ்கின்றனர். ஒரு காலத்தில் சொற்ப விலைக்கு வாங்கிய மனையும், அதில் சிறுகச் சிறுகக் கட்டிய வீடும் இன்று பெருமதிப்புடைய சொத்தாகிவிட்டன. அவற்றின் உரிமையாளர்களுள் பலர் இப்பொழுது முதியவர்கள்.

இதே சாலையில் வடக்கே சில கிலோமீட்டர் சென்றால், மக்கள் ‘நிம்ஹான்ஸ்’ என்று அழைக்கும் தேசிய மனநல, நரம்பியல் விஞ்ஞான நிலையத்தைக் காணலாம். மைசூர் சமஸ்தானத்தின் மனநோய் மருத்துவமனையும், 1954-இல் தோன்றிய அகில இந்திய மனநல நிலையமும் 1974-இல் ஒன்று சேர்ந்து இந்நிலையம் உருவாயிற்று.

பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழும் கேள்வியும் மருத்துவமனையில் எழும் கேள்வியும் வெவ்வேறானவை. மருத்துவர், “இவருக்கு என்ன நோய்?” என்று வினவுகிறார். பதிவு அலுவலர், “இவர் இந்தப் பத்திரத்தை அறிந்துதான் எழுதிக் கொடுக்கிறாரா?” என்று வினவுகிறார். முதற் கேள்விக்குரிய விடையை இரண்டாவதற்கும் விடையாகக் கொள்வதனால் இருவகைத் தீங்குகள் நேருகின்றன. மனநோய்க்குச் சிகிச்சை பெற்றவர் என்ற ஒரே காரணத்தால், தெளிவாகச் சிந்திக்கவல்ல ஒருவர் தம் பணத்தைத் தாமே கையாளும் உரிமையை இழக்கிறார். நோய் என்று ஒன்றும் கூறப்படவில்லை என்ற காரணத்தால், நினைவு மங்கிய மூதாட்டி ஒருவரின் கைநாட்டு எவ்வித விசாரணையுமின்றிப் பெறப்பட்டு, அவரது வீடு கைமாறிவிடுகிறது.

பத்திரத்தைப் படித்துச் சொல்லவும், சாட்சிக் கையொப்பம் இடவும், பென்ஷன்தாரரை அடையாளம் காட்டவும் ஊரார் முதலில் நாடுவது ஆசிரியரையும் களப் பணியாளரையுமே. ஆகையால் இவ்விஷயத்தின் அடிப்படைகளை அவர்கள் அறிந்திருத்தல் அவசியமாகும்.

சட்டம் கூறும் பொருள்

நம் பத்திரங்களில் “சித்த சுவாதீனத்துடன், பிறர் தூண்டுதலின்றி” என்ற வாசகம் வழக்கமாக எழுதப்படுகிறது. இச்சொற்றொடரின் பொருளை 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு விளக்குகிறது. ஒப்பந்தம் செய்யும் நேரத்தில் ஒருவர் அதனைப் புரிந்துகொள்ளவும், அது தம் நலனை எவ்வாறு பாதிக்கும் என்று பகுத்தறிந்து தீர்மானிக்கவும் வல்லவராயின், அவர் சித்த சுவாதீனம் உடையவர் ஆவார்.

இதில் இரு குறிப்புகள் கவனிக்கத்தக்கவை. முதலாவது, சட்டம் கருதுவது ஒப்பந்தம் நிகழும் நேரத்தையே. வழக்கமாகச் சித்தம் கலங்கியிருப்பவரும், தெளிந்திருக்கும் இடைக்காலத்தில் ஒப்பந்தம் செய்யலாம்; மனநோய் மருத்துவமனையில் உள்ளவருக்கும் இது பொருந்தும் என்று சட்டமே உதாரணம் காட்டுகிறது. வழக்கமாகத் தெளிவுடையவரோ, கடுங்காய்ச்சலில் பிதற்றும்போதும் அளவுமீறிக் குடித்திருக்கும்போதும் ஒப்பந்தம் செய்ய இயலாது. இரண்டாவது, சட்டம் கருதுவது குறிப்பிட்ட அந்த ஒரு காரியத்தையே. எல்லாக் காரியங்களிலும் வல்லவரா என்று அது கேட்பதில்லை.

1957-இல் பாட்னா உயர் நீதிமன்றம் தீர்த்த வழக்கொன்று இதனை மேலும் தெளிவாக்குகிறது. சுமார் 25,000 ரூபாய் பெறும் சொத்தை ஒருவர் 7,000 ரூபாய்க்கு விற்க உடன்பட்டிருந்தார். வெளிப்பார்வைக்கு ஒருவர் இயல்பாக நடந்துகொள்ளலாம். எனினும் தாம் செய்யப்போகும் காரியம் தமக்கு நன்மையா தீமையா என்று தாமே தீர்மானிக்கும் ஆற்றல் அவருக்கு இல்லாதிருக்கலாம் என்று நீதிமன்றம் விளக்கியது. ஆகவே நடை, உடை, பேச்சு ஆகியவற்றைக் கண்டு மட்டும் முடிவு கட்டுதல் தகாது.

நோயும் திறனின்மையும் ஒன்றல்ல என்பதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் வலியுறுத்துகிறது. தகுதியுள்ள நீதிமன்றம் அவ்வாறு அறிவித்தாலன்றி, மனநோய் உடையவர் என்பதனால் மட்டும் ஒருவரைச் சித்த சுவாதீனம் அற்றவர் எனக் கொள்ளலாகாது. பிறர் கண்ணுக்குத் தவறாகத் தோன்றும் முடிவைச் செய்தார் என்பதும் திறனின்மைக்குச் சான்றாகாது. இப்பின்னைய விதி சிகிச்சை பற்றிய முடிவுகளுக்காகக் கூறப்பட்டதாயினும், அதன் நியாயம் சொத்து விஷயங்களிலும் நினைவிற்கொள்ளத்தக்கது. தம் சொத்தைப் பிள்ளைகளுக்குத் தராமல் கோயிலுக்கோ பள்ளிக்கோ எழுதிவைப்பவர் உறவினரின் வெறுப்புக்கு ஆளாகலாம். அதனால் அவர் அறிவிழந்தவர் ஆகிவிடமாட்டார்.

திறனின் நான்கு கூறுகள்

முடிவு செய்யும் திறனை நான்கு கூறுகளாகப் பிரித்து ஆராயும் முறையை அப்பெல்பாம், கிரிஸ்ஸோ என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1988-இல் எடுத்துரைத்தனர். சிகிச்சைக்குச் சம்மதம் பெறுவதற்கென வகுக்கப்பட்ட இம்முறை பண விவகாரங்களுக்கும் பயன்படுகிறது.

1. புரிந்துகொள்ளுதல்: கூறப்பட்ட விவரத்தை மனத்தில் வாங்கித் தம் சொற்களிலேயே திருப்பிச் சொல்லுதல்.

2. தமக்குப் பொருத்திக் காணுதல்: “விற்றால் வீடு போய்விடும்” என்று பொதுவாக அறிவதோடு, “இதனை விற்றால் என் வீடு போய்விடும், நான் குடியிருக்க வேறிடம் தேட வேண்டும்” என்று உணர்தல்.

3. சீர்தூக்குதல்: செய்வதன் நன்மையையும் செய்யாதிருப்பதன் நன்மையையும் ஒப்பிட்டுக் காரணம் கூறுதல்.

4. விருப்பத்தை வெளியிடுதல்: பேச்சாலோ எழுத்தாலோ சைகையாலோ முடிவைத் தெரிவித்து, சிறிது நேரம் கழித்துக் கேட்டபோதும் அதிலேயே நிலைத்திருத்தல்.

காரியத்துக்கேற்ற அளவு

இந்நான்கும் எவ்வளவு வேண்டும் என்பது காரியத்தின் கனத்தைப் பொறுத்தது. மாதந்தோறும் பென்ஷனில் ஆயிரம் ரூபாய் எடுப்பதற்கு, அது தம் பணம் என்பதும், எதற்காக எடுக்கிறோம் என்பதும் தெரிந்தாற் போதும். வீட்டை அடமானம் வைப்பவருக்கோ வட்டி, தவணை, தவணை தவறினால் நேரும் இழப்பு ஆகிய யாவும் விளங்கவேண்டும். முன்னதைச் செய்யவல்லவர் பின்னதைச் செய்ய இயலாதவராக இருக்கலாம். பின்னதைச் செய்ய இயலாதவர் என்பதற்காக முன்னதையும் அவரிடமிருந்து பறித்தல் அநீதியாகும்.

உயில் விஷயத்தில் 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 59-ஆவது பிரிவு பயனுள்ள உதாரணங்களைத் தருகிறது. தம்மைச் சுற்றி நடப்பதை உணர்ந்து, பழக்கமான கேள்விகளுக்கு விடை சொல்பவராயினும், தம் சொத்து இன்னதென்றும், உறவினர் இன்னாரென்றும், யாருக்கு எழுதுவது தகும் என்றும் அறியாதவர் செல்லத்தக்க உயில் எழுத இயலாது. உடல் மிகத் தளர்ந்து கிடப்பவராயினும், சொத்தை எவ்வாறு பங்கிடுவது என்று தீர்மானிக்கவல்லவர் எழுதிய உயில் செல்லும். செவிடர், ஊமையர், குருடர் ஆகியோரும் தாம் செய்வதை அறிவாராயின் உயில் எழுதத் தடையில்லை. “சௌக்கியமா?” என்ற கேள்விக்குச் “சௌக்கியம்” என்று வந்த விடை சித்த சுவாதீனத்துக்குச் சான்றாகாது என்பது முதல் உதாரணத்தினின்று பெறப்படும்.

நோய்கள் திறனைப் பாதிக்கும் விதம்

மறதிநோய்: இந்தியாவில் 60 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறக்குறைய 88 இலட்சம் பேர், மறதிநோய் உடையவர்கள் என்று 2023-இல் வெளியான நாடளாவிய ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. இவ்வகையில் மிகுதியாகக் காணப்படும் அல்சைமர் நோயில் அண்மைக்கால நினைவு முதலில் மங்குகிறது. பழைய நினைவும் நயமான பேச்சும் நெடுநாள் நிலைத்திருக்கும். இதனால் விருந்தினரிடம் அழகாகப் பேசும் ஒருவர், நேற்றுக் கையெழுத்திட்டதை இன்று அறியாதிருக்கலாம். ஆரம்ப நிலையில் பலருக்கு எளிய முடிவுகளைச் செய்யும் திறன் குன்றுவதில்லை.

திடீர்ச் சித்தக் குழப்பம்: தொற்றுநோய், உடலில் நீர் வற்றுதல், உப்புக் குறைதல், சில மருந்துகள் ஆகியவற்றால் முதியோருக்குச் சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ குழப்பம் தோன்றலாம். ஒரே நாளில் இது கூடியும் குறைந்தும் காணப்படும். காரணத்தை நீக்கினால் பெரும்பாலும் தெளிவு திரும்பும். ஆதலின் ஒத்திப்போடக்கூடிய எந்தப் பத்திரத்தையும் இந்நிலையில் எழுதலாகாது.

பக்கவாதம்: மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டால் பேச்சு இழக்கப்படலாம், எனினும் புரிந்துகொள்ளும் ஆற்றல் எஞ்சியிருக்கக்கூடும். படங்களையும் தலையசைப்பையும் கொண்டு கேட்கவேண்டும்.

மனக்கிளர்ச்சியும் மனச்சோர்வும்: மிகையான கிளர்ச்சியில் இருப்பவர் வரவு செலவு கருதாமல் விற்பதும் வாங்குவதும் உண்டு. கடுஞ்சோர்வில் இருப்பவர் “எனக்கு இனி எதற்கு?” என்று யாவற்றையும் கொடுத்துவிடக்கூடும். இவ்விரு நிலைகளும் நீங்கிய பின் அவர்கள் பிறரைப்போலவே முடிவு செய்யவல்லவர்கள்.

கேட்கும் முறை

கேள்வி கேட்கத் தொடங்குமுன் தடைகளை நீக்கவேண்டும். கண்ணாடி, காதுக் கருவி ஆகியவற்றை அணியச் செய்க. அவர் களைப்பின்றி இருக்கும் வேளையைத் தேர்க. மறதிநோய் உள்ளவர்களில் பலருக்குக் காலை நேரம் ஏற்றது. பொம்மனஹள்ளி போன்ற இடங்களில் மொழித் தடை மிகப் பெரிது. பத்திரம் கன்னடத்தில் இருக்கிறது; வங்கி எழுத்தர் இந்தியிலோ ஆங்கிலத்திலோ வினவுகிறார்; முதியவர் அறிந்தது தமிழ் மட்டுமே. அவர் விழிப்பதைக் கண்டு “நினைவு தப்பிவிட்டது” என்று எழுதிவிடுவது பெரும் பிழை. தாய்மொழியில், அன்றாடச் சொற்களில், ஒரு நேரத்தில் ஒரு விஷயமாகச் சொல்லவேண்டும். மொழிபெயர்ப்பவர் சொத்தில் பங்கு பெறாதவராக இருத்தல் வேண்டும். சொத்தைப் பெறப்போகிறவர் உரையாடல் முடியும்வரை வெளியே காத்திருத்தல் நன்று.

“ஆம்”, “இல்லை” என்று முடியும் கேள்விகளைத் தவிர்க்க. “வீட்டை மகனுக்குக் கொடுக்கச் சம்மதந்தானே?” என்று கேட்டால் யாவரும் “ஆம்” என்பர். ஓர் எழுபத்தைந்து வயது மூதாட்டி தம் வீட்டை இளைய மகனுக்குத் தான செட்டில்மெண்டு எழுதிக் கொடுக்க வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரிடம் கேட்கத்தக்கவை பின்வருமாறு:

“அம்மா, இன்று எந்தக் காரியமாக வந்திருக்கிறீர்கள்?”

“இந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று உங்கள் வாயால் சொல்லுங்கள்.”

“உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்? அவர்களில் இவருக்கு மட்டும் கொடுப்பது ஏன்?”

“எழுதிக் கொடுத்த பிறகு வீடு யாருக்குச் சொந்தம்? நாளை உங்கள் மனம் மாறினால் திரும்பப் பெற முடியுமா?”

“நீங்கள் எங்கே குடியிருப்பீர்கள்? செலவுக்கு என்ன வழி?”

“பென்ஷன் காகிதம் என்று சொல்லி அழைத்து வந்தான், நான் ரேகை வைத்தால் போதுமாம்” என்று அவர் சொல்வாராயின், அவருக்கு எந்த நோயும் இல்லையெனினும் அப்பத்திரத்தை அவர் அறியவில்லை. “மூத்தவன் படிப்புக்காக ஊரில் இருந்த நிலத்தை விற்றேன், என்னைப் பார்த்துக்கொள்பவன் இளையவன், வீடு அவனுடையதாகிவிடும், திரும்ப வாங்க முடியாது, நான் சாகும்வரை கீழ்ப்பகுதியில் இருக்கலாம் என்று எழுதச் சொல்லியிருக்கிறேன்” என்று சொல்வாராயின், இன்று என்ன தேதி என்று அவருக்குத் தெரியாவிட்டாலும், இந்தக் காரியத்தில் அவர் திறனுடையவராகவே தோன்றுகிறார்.

இங்கு ஒரு வேற்றுமையையும் எடுத்துச் சொல்லவேண்டும். எழுதியவர் தெளிவுடன் உயிரோடிருக்கும்வரை உயிலை மாற்றலாம், ரத்துச் செய்யலாம். தானப் பத்திரமோ பொதுவாக மீட்க முடியாதது. பராமரிப்பு அளிக்கவேண்டும் என்னும் நிபந்தனையுடன் கொடுத்த சொத்தை, அந்நிபந்தனை மீறப்பட்டால் மீட்பதற்கு 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு வழி செய்கிறது. அந்நிபந்தனை பத்திரத்திலேயே எழுதப்படுவது நலம்.

மதிப்பெண் சோதனைகளின் எல்லை

மருத்துவர்கள் 30 மதிப்பெண் கொண்ட மனநிலைச் சோதனை ஒன்றைப் பயன்படுத்துவதுண்டு. இது 1975-இல் அமெரிக்காவில் வெளியாயிற்று. எழுதுதல், வரைதல், கணக்கிடுதல் ஆகியவை அதில் அடங்கியிருப்பதால் பள்ளி செல்லாதவர்களுக்கு அது பொருந்தவில்லை. இக்குறையை நீக்க, அரியானாவின் பல்லப்கட் பகுதிக் கிராமத்து முதியோருக்கென இந்தி மொழியில் அமைந்த சோதனை 1995-இல் வெளியிடப்பட்டது. இத்தகைய சோதனைகள் நினைவையும் கவனத்தையும் அளவிடுகின்றன. ஒரு கிரயப் பத்திரத்தை ஒருவர் புரிந்துகொண்டாரா என்பதை அவை அளவிடுவதில்லை. குறைந்த மதிப்பெண் மேலும் ஆராய்வதற்குக் காரணமாகுமேயன்றி, அதுவே தீர்ப்பாகிவிடாது.

தீர்மானிப்பவர் யார்?

ஆசிரியரோ களப் பணியாளரோ ஒருவரைத் “திறனற்றவர்” என்று சான்றளிக்க அதிகாரம் பெற்றவர் அல்லர். அவர்கள் கண்டதையும் கேட்டதையும் உள்ளவாறு குறித்து வைக்கலாம். மருத்துவர் பரிசோதித்து அபிப்பிராயம் கூறுகிறார். பத்திரம் எழுதிக் கொடுப்பவர் சித்த சுவாதீனமற்றவராகப் பதிவு அலுவலருக்குத் தோன்றினால், 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தின் 35-ஆவது பிரிவின்படி அவர் பதிவு செய்ய மறுக்கவேண்டும். வழக்கு எழுந்தால் இறுதித் தீர்ப்பு நீதிமன்றத்துடையது.

உடல் தளர்ச்சி பதிவுக்குத் தடையாகாது. அலுவலகத்துக்கு வர இயலாத நோயாளியின் இருப்பிடத்துக்கே பதிவு அலுவலர் செல்லச் சட்டம் இடமளிக்கிறது. கையெழுத்திட இயலாதவர், இரு சாட்சிகள் முன்னிலையில் கை ரேகையோ கால் விரல் ரேகையோ வைத்து வங்கியில் பணம் பெற ரிசர்வ் வங்கியின் விதிகள் வழி செய்துள்ளன. அச்சாட்சிகளுள் ஒருவர் வங்கியின் பொறுப்புள்ள அலுவலராக இருத்தல் வேண்டும்.

தகாத செல்வாக்கு

ஒருவர் திறனுடையவராயிருந்தும் பிறருடைய பிடியில் இருக்கலாம். முதுமை, நோய், மனத்துயர் ஆகியவற்றால் மனவலிமை குன்றியவருடன் ஒப்பந்தம் செய்பவர், அவரை ஆட்டிவைக்கக்கூடிய நிலையில் உள்ளவராகக் கருதப்படுவார் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு கூறுகிறது.

மைசூர் மாநிலத்திலிருந்து உச்ச நீதிமன்றம் சென்ற வெங்கடாசல ஐயங்கார் வழக்கு இத்துறையில் புகழ்பெற்றது. உயிலை நிலைநாட்ட முயன்றவரே அதனைத் தயாரிப்பதில் பெரும்பங்கு கொண்டிருந்தார். அவருடைய புதல்வர்களுக்கு அதனால் கணிசமான நன்மையும் கிட்டவிருந்தது. உயிலில் கையொப்பம் உள்ளது என்று காட்டினால் மட்டும் போதாது. சந்தேகத்துக்கிடமான சூழ்நிலைகளை விளக்கி நீதிமன்றத்தின் மனச்சாட்சிக்கு நிறைவளிக்கும் பொறுப்பு உயிலை முன்வைப்பவருடையதே என்று 1958-ஆம் ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவரது மேல்முறையீடு தள்ளுபடியாயிற்று. இவ்வழக்கின் படிப்பினையைச் சாட்சிக் கையொப்பம் இடுவோர் யாவரும் மனத்திற்கொள்ளவேண்டும்.

திறன் குன்றியபின் உள்ள வழிகள்

“பவர் பத்திரம் வாங்கி வைத்திருக்கிறோம்; அப்பாவுக்கு நினைவு போனாலும் கவலையில்லை” என்று பலர் எண்ணுகின்றனர். இது தவறான எண்ணம். அதிகாரம் அளித்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் அவ்வதிகாரமும் முடிவுறும் என்பது ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆவது பிரிவு. அதன்பின் அப்பத்திரத்தைக் கொண்டு விற்பது வழக்குக்கு இடமாகும்.

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவு வளர்ச்சிக் குறைபாடு, பல்வகை ஊனம் ஆகியவை உடையவர்களுக்கு, 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியரை உள்ளடக்கிய உள்ளூர்க் குழு காப்பாளரை நியமிக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், குறிப்பிட்ட காரியத்துக்கும் காலத்துக்கும் மட்டுமான வரையறுக்கப்பட்ட காப்பாண்மையை ஏற்படுத்தியது. இதில் காப்பாளரும் உரியவரும் கூடியே முடிவு செய்கின்றனர். சொத்து விஷயத்தில் உதவி செய்பவருக்கே அதில் முரண்பட்ட நலன் இருந்தால் அவர் விலகிக்கொள்ளவேண்டும் என்றும் அச்சட்டம் விதிக்கிறது. உணர்விழந்து கிடக்கும் நோயாளிகளின் பொருட்டுக் காப்பாளரை நியமிக்கும் வழிமுறைகளைக் கேரள உயர் நீதிமன்றம் 2019-இல் வகுத்தது.

ஏமாற்று நேர்ந்ததாக ஐயம் எழுந்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தை அணுகச் செய்க. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அங்கு இலவச உதவி கிடைக்கும். முதியோருக்கான உதவித் தொலைபேசி எண் 14567. மனநல ஆலோசனைக்குரிய எண் 14416.

குறிப்பு எழுதும் முறை

சாட்சியாக இருப்பவர் தம் குறிப்பேட்டில் நாள், நேரம், இடம், உடனிருந்தோர், பேசிய மொழி, கேட்ட கேள்வி, முதியவர் சொன்ன சொற்கள் ஆகியவற்றை அன்றே எழுதிவைத்தல் வேண்டும். “தெளிவாக இருந்தார்” என்று எழுதுவதைவிட, “வீடு இளைய மகனுக்குச் சேரும், திரும்ப வாங்க முடியாது என்று சொன்னார்” என்று எழுதுவது பன்மடங்கு பயன் தரும். ஐயம் இருப்பின் கையொப்பமிடாமல், மருத்துவ அபிப்பிராயம் பெறும்வரை காத்திருக்குமாறு கூறுக. சில நாள் தாமதத்தால் பெரும்பாலான பத்திரங்களுக்குக் கேடு இல்லை. அவசரமாகப் பெற்ற ஒரு கைநாட்டினால் வீட்டை இழந்த முதியவருக்கு, அதனை மீட்கப் பல ஆண்டு வழக்கு தேவைப்படும்.

பயிற்சி வினாக்கள்

1. மனநோய்க்கு மருந்து உண்ணும் ஒருவர் வங்கிக் கணக்கைத் தாமே நடத்தலாமா? காரணம் கூறுக.

2. உயிலுக்கும் தான செட்டில்மெண்டுக்கும் உள்ள வேற்றுமையை ஒரு முதியவருக்கு எளிய சொற்களில் எவ்வாறு விளக்குவீர்?

3. காலையில் தெளிவாகவும் மாலையில் குழப்பமாகவும் இருக்கும் காய்ச்சல் நோயாளி பத்திரம் எழுத விரும்பினால் நீர் கூறும் யோசனை யாது?

4. பத்திரத்தின் மொழியை அறியாத முதியவரிடம், அவர் அதனைப் புரிந்துகொண்டார் என்பதை உறுதி செய்ய ஐந்து கேள்விகளை எழுதுக.